நல்ல பேராசிரியர் யார்? பிள்ளைகளைக் கேளுங்கள்!

செப்டம்பர் 5ஆம் தேதி வந்துவிட்டால் பேப்பர் முழுக்க விருது வாங்கிய ஆசிரியர்களின் படம்தான். பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு வருஷமும் எனக்கு ஒரு சந்தேகம் வரும். இவர் நன்றாகப் பாடம் நடத்துகிறார் என்று சொன்னது யார்? அந்த வகுப்பில் உட்கார்ந்து கேட்ட பிள்ளையா, இல்லை ஃபைலைப் புரட்டிப் பார்த்த அதிகாரியா?

மத்திய அரசு தேசிய நல்லாசிரியர் விருதை 1958லிருந்து கொடுத்து வருகிறது. 2018லிருந்து பள்ளி ஆசிரியர்கள் தாங்களே இணையத்தில் விண்ணப்பிக்கும்படி செய்தார்கள். என்னென்ன சாதித்தேன் என்று போட்டோ, வீடியோ எல்லாம் சேர்த்து அனுப்ப வேண்டும். இதை நான் ஒரேயடியாகக் குறை சொல்ல வரவில்லை. மேலிடத்தில் ஆள் தெரிந்தால்தான் கிடைக்கும் என்று முன்பெல்லாம் ஒரு பேச்சு இருந்ததே, அதற்கு இது தேவலை. ஆனாலும் "நான் நல்ல டீச்சர், எனக்கு விருது கொடுங்க" என்று தன் கையால் எழுதிப் போட எத்தனை பேருக்கு மனசு வரும்? என் அனுபவத்தில், நிஜமாகவே நன்றாக நடத்துகிறவர்களில் பாதிப் பேர் கூச்ச சுபாவம்தான்.

கல்லூரி ஆசிரியர்களை இந்த விருதில் சேர்த்ததோ 2023ல்தான். அந்த வருஷம் விருது வாங்கிய 75 பேரில் 50 பேர் பள்ளி ஆசிரியர்கள். கல்லூரி, பல்கலைக்கழகம், பாலிடெக்னிக் எல்லாம் சேர்ந்த உயர்கல்விப் பக்கம் வெறும் 13 பேர். இந்தியா முழுசுக்கும் 13! எங்கள் மதுரையில் மட்டும் எத்தனை கல்லூரி! 1881லேயே வந்த அமெரிக்கன் கல்லூரி, லேடி டோக், பாத்திமா, தியாகராசர், மீனாட்சி அரசு மகளிர் கல்லூரி என்று அடுக்கிக்கொண்டே போகலாம். டில்லியிலிருந்து 13 பேரைப் பொறுக்கி எடுத்தால் நம்ம ஊர் வகுப்பறை அவர்கள் கண்ணில் எப்படிப் படும்?

அதனால்தான் சொல்கிறேன். ஒவ்வொரு கல்லூரியும் பல்கலைக்கழகமும் தன் அளவில் ஒரு விருது வைக்கட்டும். அதற்குப் பெயர் கொடுக்கிற உரிமை மாணவ மாணவியருக்கு இருக்கட்டும். நிர்வாகமோ, துறைத் தலைவரோ, ஆசிரியர் தானோ எழுதிக் கொடுப்பது வேண்டாம்.

இதென்ன புதுசாக ஒரு வம்பு என்று நினைக்க வேண்டாம். யார் பிறந்த நாளை ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகிறோமோ அந்த டாக்டர் ராதாகிருஷ்ணனுக்கே முதல் பெரிய விருதைக் கொடுத்தவர்கள் மாணவர்கள்தான். அவர் மைசூர் மகாராஜா கல்லூரியில் மூன்று வருஷம் பாடம் நடத்திவிட்டு 1921ல் கல்கத்தா பல்கலைக்கழகத்துக்குப் புறப்பட்டார். பூ அலங்காரம் செய்த வண்டியில் குதிரையைப் பூட்டாமல், மாணவர்களே ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் இழுத்துக்கொண்டு போனார்களாம். எந்தக் கமிட்டி கூடி அதை முடிவு செய்தது? பின்னாளில் அவருக்குப் பாரத ரத்னாவே கிடைத்தது. ஆனால் இன்றைக்கும் ஆசிரியர் தினக் கூட்டங்களில் எடுத்துச் சொல்வது அந்த வண்டிக் கதையைத்தான்.

பத்தாம் வகுப்போடு நின்ற ஒரு குடும்பப் பெண்ணுக்கு யுனிவர்சிட்டி விஷயத்தில் என்ன அக்கறை என்று கேட்கலாம். நான் கல்லூரி வாசலை மிதித்ததே என் மகளைச் சேர்க்கப் போனபோதுதான். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரியாக வரப்போகிறவள் அவள். எங்கள் தெருவில் இப்படி ஏழெட்டுப் பெண்கள் இருக்கிறார்கள். 2021ல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று ஆனது, 2022 செப்டம்பர் 5ல் அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாசம் ஆயிரம் ரூபாய் என்று புதுமைப் பெண் திட்டம் வந்தது. இதெல்லாம் சேர்ந்துதான் "பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்குக் காலேஜ்" என்ற பேச்சைக் கொஞ்சம் அடக்கின. மீதிப் பணத்துக்கு மகளிர் குழுக் கடன், சீட்டு, சில வீட்டில் தோடு. இவ்வளவு செய்து அனுப்புகிறோம். அங்கே என்ன நடக்கிறது என்று நமக்குத் தெரியுமா? பள்ளிக்கூடம் என்றால் பெற்றோர் கூட்டம் இருக்கும், டீச்சர் முகமாவது பார்த்திருப்போம். கல்லூரியில் நம்மைக் கேட்டோடு நிறுத்திவிடுகிறார்கள். பாடம் புரிகிறதா இல்லையா என்பது வகுப்பில் இருக்கிற பெண்ணுக்கு மட்டும்தான் தெரியும். அவளைத்தான் யாரும் கேட்பதில்லை.

என் மகள் பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம். வேதியியல் எடுத்தாள். கல்லூரியில் எல்லாம் இங்கிலீஷ். முதல் மாசம் தினமும் அழுகைதான். "அம்மா, நான் டைப்பிங் கிளாஸ் போறேன், இது வேணாம்" என்றே சொல்லிவிட்டாள். அவளை நிறுத்தி வைத்தது நானோ அவள் அப்பாவோ கிடையாது. ஒரு கௌரவ விரிவுரையாளர் மேடம்.

அந்த மேடம் என்ன செய்தார் தெரியுமா? 'மோல்' என்று ஒரு கணக்கு இருக்கிறதாம். அணுக்களை எண்ணுகிற அளவு. ஆறு போட்டு 23 சைபர் போடுகிற மாதிரிப் பெரிய எண். புத்தகத்தில் படித்தால் தலை சுற்றும். அவர் சொன்னாராம், "சோழவந்தான் வெற்றிலையை ஒண்ணொண்ணாவா எண்ணி விக்கிறாங்க? கவுளின்னு ஒரு கணக்கு வச்சிருக்காங்கல்ல? அது மாதிரி அணுவுக்கு ஒரு கவுளி. அதுதான் மோல்." என் மகள் வீட்டுக்கு வந்து எனக்கே அதைச் சொல்லிக் கொடுத்தாள். எனக்கும் புரிந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! வாரம் ஒருமுறை முன் பெஞ்சையும் கடைசி பெஞ்சையும் மாற்றி உட்கார வைப்பார். தமிழ் மீடியம் பிள்ளைகளை ஒரு நோட்டுப் போடச் சொல்லி, ஒரு பக்கம் இங்கிலீஷ் வார்த்தை, எதிர்ப்பக்கம் தமிழில் அர்த்தம் எழுத வைத்து, தானே திருத்துவார். தப்பாகக் கேள்வி கேட்டாலும் சிரிக்க மாட்டார், சிரிக்கவும் விட மாட்டார்.

இந்த மேடத்துக்கு எந்த விருது கிடைக்கும்? நிரந்தர வேலை இல்லை. கௌரவம் என்பது பெயரில்தான் இருக்கிறது. இவர்களுக்கு மாதம் 50 ஆயிரம் ரூபாய் வரை கொடுக்கலாம் என்று யு.ஜி.சி. 2019லேயே சொல்லிவிட்டது. நம் அரசு கலைக் கல்லூரிகளில் அதில் பாதியை எட்டுவதற்கே இவர்கள் பலமுறை போராட வேண்டியிருந்தது. நிரந்தரமானவர்களுக்கு மட்டும் என்ன? 2010ல் யு.ஜி.சி. ஒரு புள்ளிக் கணக்கு கொண்டுவந்தது. பதவி உயர்வுக்கு ஆராய்ச்சிக் கட்டுரை எத்தனை, கருத்தரங்கு எத்தனை என்று எண்ண ஆரம்பித்தார்கள். 2018ல் விதியை மாற்றினாலும் கட்டுரைக்கு இருக்கிற மவுசு போகவில்லை. ஆராய்ச்சி வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஆனால் கட்டுரையை எண்ணலாம், அழுதுகொண்டிருந்த பெண்ணைப் படிப்பை விடாமல் பிடித்து வைத்ததை எப்படி எண்ணுவது? அந்தப் பெண் வாய் திறந்து சொன்னால்தானே உண்டு.

மாணவர்களைக் கேட்கவே இல்லை என்றும் சொல்ல முடியாது. கல்லூரிகளுக்குத் தரம் போடுகிற 'நாக்' அமைப்பு 2017லிருந்து மாணவர் திருப்தி ஆய்வு என்று ஒன்றை வைத்தது. இருபது கேள்விக்கு டிக் அடித்துவிட்டு, கடைசியில் ஒன்றுக்குச் சொந்தமாக எழுத வேண்டும். ஆனால் அது கல்லூரிக்கு மொத்தமாகப் போடுகிற மார்க். இன்னார் நன்றாக நடத்தினார் என்று ஒரு பெயரைச் சொல்ல அதில் வழி இல்லை. பாடம் நடத்துவதற்கென்றே விருது வைத்திருக்கிற இடங்களும் உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யில் ஸ்ரீமதி மார்த்தி அன்னபூர்ணா குருநாத் விருது என்று ஒரு பெண்மணியின் பெயரிலேயே இருக்கிறது. ஐ.ஐ.டி. என்றால் இருக்கும். வாடிப்பட்டியிலிருந்தும் உசிலம்பட்டியிலிருந்தும் பஸ் பிடித்துப் போகிற பிள்ளைகள் படிக்கிற கல்லூரிக்கு அல்லவா முதலில் வேண்டும்?

ஸ்காட்லாந்தில் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் மாணவர் சங்கமே இப்படி ஒரு விருதை 2008-09 வாக்கில் ஆரம்பித்தது. பிரிட்டனில் வேறு பல பல்கலைக்கழகங்களிலும் இது பரவியது. எனக்குப் பிடித்தது என்னவென்றால், அங்கே பெயரை மட்டும் எழுதிப் போட்டால் போதாது, ஏன் என்று காரணமும் எழுத வேண்டும். அப்படி எழுதிய ஆயிரக்கணக்கான சீட்டுகளைப் படித்துப் பார்த்து 2019ல் ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். பிள்ளைகள் திரும்பத் திரும்ப எதை எழுதியிருந்தார்கள்? மெனக்கெட்டு நடத்துகிறார், எங்களைப் பாடத்துக்குள் இழுக்கிறார், ஆசிரியர் மாணவர் என்ற சுவரை உடைக்கிறார், எப்போதும் துணையாக இருக்கிறார் என்றுதான். அந்த மேடத்தைப் பற்றி என் மகள் சொன்னதும் இதேதான். எடின்பரோ எங்கே, எங்கள் சமயநல்லூர் எங்கே!

என் கொழுந்தனார் ஒரு பாலிடெக்னிக்கில் வேலை பார்க்கிறார். அவரிடம் இதைச் சொன்னதும், "அண்ணி, நீங்க வேற! ஜோக் அடிக்கிறவனுக்கும் இன்டர்னல் மார்க்கை அள்ளி விடுறவனுக்கும்தான் ஓட்டு விழும். கண்டிப்பா இருக்கிறவனுக்கு நாமம்தான். அப்புறம் சாதி பார்த்தும் போடுவாங்க" என்றார். அவர் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. அதனால் ஓட்டு எண்ணுகிற மாதிரி இது இருக்கவே கூடாது. எத்தனை சீட்டு விழுந்தது என்பது கணக்கே இல்லை, சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் கணக்கு. எந்த வருஷப் பாடத்துக்காகச் சொல்கிறார்களோ, அந்த வருஷத்து ரிசல்ட் வந்த பிறகுதான் கேட்க வேண்டும். அப்போது மார்க்குக்குப் பயப்படவும் வேண்டாம், மார்க்குக்காகக் காக்காய் பிடிக்கவும் வேண்டாம். படித்து முடித்துப் போன பிள்ளைகளையும் கேட்கலாம். கண்டிப்பான வாத்தியாரின் அருமை வெளியே போன பிறகுதான் தெரியும். என் கொழுந்தனாரே தன்னைப் பெஞ்சு மேல் ஏற்றிய கணக்கு வாத்தியாரை இன்றைக்கும் கையெடுத்துக் கும்பிடுகிறார்!

அவர் சொல்லாத இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. நாம் பெண்கள் என்பதால் எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிகிறது. அமெரிக்காவில் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை செய்து 2015ல் வெளியிட்டார்கள். ஆளைப் பார்க்காமல் கம்ப்யூட்டர் வழியாகவே நடந்த வகுப்பு. ஒரு ஆண், ஒரு பெண் என்று இரண்டு ஆசிரியர்கள். ஒரு பிரிவில் அவரவர் பெயரிலும், இன்னொரு பிரிவில் பெயரை மாற்றிக்கொண்டும் நடத்தினார்கள். முடிவில் ஆண் பெயருக்குத்தான் மார்க் அதிகம். எல்லாருக்கும் ஒரே நேரத்தில் திருத்திக் கொடுத்திருந்தும், சீக்கிரம் திருத்திக் கொடுத்தாரா என்ற கேள்விக்குக்கூடப் பெண் பெயருக்குக் குறைவாகவே போட்டிருக்கிறார்கள்! சீமையிலேயே இப்படி. நம்ம ஊரில் மேடம் என்ன சேலை கட்டி வருகிறார், குரல் கீச்சென்று இருக்கிறதே என்று பேசுகிற பிள்ளைகள் இல்லையா என்ன?

அதனால் "அவர் எப்படி?" என்று பொதுவாகக் கேட்கக் கூடாது. "உனக்குப் புரியாத எதை அவர் புரிய வைத்தார்? எப்படி?" என்று கேட்க வேண்டும். அதற்குப் பதில் எழுதும்போது சேலையும் வராது, சாதியும் வராது. கவுளி வெற்றிலைதான் வரும். தமிழிலேயே எழுதவும் விட வேண்டும். இங்கிலீஷில்தான் எழுத வேண்டும் என்றால், யார் முக்கியமாகச் சொல்ல வேண்டுமோ அந்தப் பிள்ளைகள் பேனாவை மூடி வைத்துவிடுவார்கள். கௌரவ விரிவுரையாளர், பகுதி நேரம் என்று யாரையும் ஒதுக்கவும் கூடாது. பரிசுப் பணம்கூடப் பெரிசாக வேண்டாம். கல்லூரி நாள் விழாவில் சீட்டில் எழுதியதை மைக்கில் வாசித்து, பெற்றோரையும் கூப்பிட்டு உட்கார வைத்தால் போதும். நாங்களும் அந்த ஆசிரியரின் முகத்தை ஒரு தடவை பார்த்துக்கொள்வோம்.

அந்த மேடத்தின் ஒப்பந்தம் இந்த வருஷத்தோடு முடிகிறது. திரும்பக் கூப்பிடுவார்களா என்று அவருக்கே தெரியாதாம். என் மகள் இப்போது இரண்டாம் வருஷம். போன வருஷம் அவரிடம் படித்த பெண்கள் ஆளுக்கு ஒரு பக்கம் எழுதி முதல்வரிடம் கொடுக்கப் போகிறார்கள். விருது என்று ஒன்று இல்லாததால் எந்தத் தலைப்பில் கொடுப்பது என்று தெரியாமல், லீவ் லெட்டர் மாதிரி அனுப்புநர், பெறுநர் எல்லாம் போட்டு, பொருள் என்ற இடத்தில் "எங்களுக்குப் பாடம் புரிந்தது தொடர்பாக" என்று எழுதியிருக்கிறாள் என் மகள். இதுவரை 18 பேர் எழுதிவிட்டார்கள். திங்கட்கிழமை கொடுக்கிறார்கள்.

- ஒரு இல்லத்தரசி, சமயநல்லூர்.