ஒருநாள் பெட்டி: எதற்குப் பணம் கொடுக்கிறோம்?

இறப்பு நேர்ந்த வீட்டில் முதல் அழைப்பு நெருங்கிய உறவினருக்குப் போகும். அடுத்தது இறுதிச் சடங்குச் சேவை நிறுவனத்துக்கு. அதன்பின் சற்று நேரத்தில் கைப்பேசித் திரையிலோ படப் புத்தகத்திலோ பெட்டிகளின் படங்கள் குடும்பத்தார் முன் நீட்டப்படும். அழுத கண்ணோடு ஒருவர் விரலால் ஒன்றைத் தொட்டுக் காட்டுவார். விலை கேட்பதற்கே பலருக்கு மனம் கூசும்.

சீனர் வீடுகளில் மூன்று, ஐந்து, ஏழு நாள் என்று நல்லுடல் வைக்கப்படுவதுண்டு. நம் இந்துக் குடும்பங்களில் பெரும்பாலும் அன்றோ மறுநாளோ தகனம் முடிந்துவிடும். ஆக, முடிவெடுக்க நமக்குக் கிடைப்பது சில மணி நேரம். பெட்டி பயன்படப்போவதும் ஒருநாள். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்தப் படப் புத்தகத்தைத் தெளிவாகப் புரட்ட முடியும்.

பாடை போய்ப் பெட்டி வந்தது

ஊரில் பச்சை மூங்கிலும் தென்னங்கீற்றும் கொண்டு கட்டும் பாடை போதுமானதாக இருந்தது. அடுக்குமாடி வீடு, கீழ்த்தளத்தில் பந்தல், அமரர் ஊர்தி, மூடிய உலை என்று சிங்கப்பூர் வாழ்க்கை மாறியபோது பாடை பெட்டியானது. 1962ல் மவுண்ட் வெர்னன் தகனச்சாலை திறக்கப்பட்டது. 1982 முதல் மண்டாய் செயல்படுகிறது. 2004ல் மவுண்ட் வெர்னனில் தகனம் நிறுத்தப்பட்டது. அடக்கத்துக்குத் திறந்திருக்கும் ஒரே இடுகாடு சுவா சூ காங். அங்கும் 1998 முதல் ஒரு கல்லறைக்கு 15 ஆண்டுதான் தவணை. இன்று இங்கு இறப்போரில் ஏறக்குறைய 80 விழுக்காட்டினர் தகனம் செய்யப்படுகின்றனர்.

தமிழர்களுக்குள்ளேயே இதில் மூன்று வழக்கங்கள் உண்டு. தமிழ் முஸ்லிம்கள் கஃபன் துணியில் பொதிந்து அடக்கம் செய்கிறார்கள். சந்தூக் சுமந்து செல்வதற்கு மட்டுமே. அடக்கம் செய்யும் கிறிஸ்துவக் குடும்பங்களுக்குப் பெட்டி மண்ணுக்குள் சில ஆண்டுகள் இருக்கவேண்டிய பொருள். தகனம் செய்வோருக்கோ அது சில மணி நேரத்தில் சாம்பலாகும் பொருள். ஆனால் விற்கப்படும்போது “உறுதியானது, காலத்துக்கும் நிற்கும்” என்ற பேச்சு எல்லாருக்கும் ஒன்றுபோலவே வருகிறது.

பளபளப்புக்கு அடியில்

படத்தில் தேக்கு போலத் தெரிவதெல்லாம் தேக்கு ஆகாது. விலை குறைந்த பெட்டிகள் மரத்தூளையோ மரச் சீவலையோ பசையிட்டு அழுத்திய பலகையால் ஆனவை. மேலே மரவரி அச்சிட்ட தாளோ மெல்லிய மரத்தகடோ ஒட்டியிருப்பார்கள். அடுத்த நிலை ஒட்டுப்பலகை. அதற்கும் மேலே முழுமரம். அதிலும் எடை குறைந்த மென்மரம், கனமான வன்மரம் என்று பிரிவுகள் உண்டு. தங்க நிறக் கைப்பிடிகள் பல நேரங்களில் முலாம் பூசிய பிளாஸ்டிக்.

உள்ளே விரிக்கும் மினுமினுப்பான ‘சாட்டின்’ துணி பெரும்பாலும் பாலியெஸ்டர். அதற்கு அடியில் பஞ்சோ நுரை மெத்தையோ மரச்சுருளோ இருக்கும். அதற்கும் அடியில் ஈரம் கசியாமல் இருக்கப் பிளாஸ்டிக் விரிப்பு.

தகன உலையின் வெப்பம் 800 டிகிரி செல்சியசுக்கு மேல். முதலில் எரிவது பெட்டிதான். வன்மரமோ ஒட்டுப்பலகையோ, எலும்புச் சாம்பலைத் திரட்டும்போது எஞ்சுவது ஆணியும் திருகும்தான். தடித்த ‘வார்னிஷ்’, நுரை, பிளாஸ்டிக் ஆகியவை கூடக்கூடப் புகை கூடும். கண்ணாடி எரியாது, உருகும். இதயமுடுக்கியின் மின்கலம் உலைக்குள் வெடிக்கும் என்பதால் அதை முன்கூட்டியே அகற்றியாக வேண்டும். தாத்தாவின் மூக்குக்கண்ணாடி, வெற்றிலைப் பெட்டி, அத்தர் புட்டி, கைப்பேசி என்று பாசத்தோடு உள்ளே வைப்பவற்றையும் மூடி சாத்தும் முன் எடுத்துவிட வேண்டும். நெற்றியில் ஒட்டிய நாணயத்தையும் மறக்கக் கூடாது.

நம் சடங்குக்கு ஏற்ற பெட்டி

நீடித்து உழைப்பது தேவையில்லை என்றால் வேறு எதைப் பார்க்க வேண்டும்? அந்த ஒருநாளில் பெட்டிக்கு இருக்கும் வேலையைப் பார்க்க வேண்டும்.

பாதி மூடி மட்டும் திறக்கும் பெட்டியும் முகத்துக்கு மேல் கண்ணாடி பதித்த பெட்டியும் பார்த்து அஞ்சலி செலுத்தும் வழக்கத்துக்கு ஏற்றவை. நம் சடங்கோ தொட்டுச் செய்வது. எண்ணெய், சீயக்காய் வைத்து நீராட்ட வேண்டும். சந்தனம் பூச வேண்டும். சம்பந்தி வீட்டார் கோடி போர்த்துவார்கள். ஒவ்வொருவராக வந்து வாய்க்கரிசி போடுவார்கள். பாதம் தொட்டு வணங்குவார்கள். இதற்கு மூடி முழுதும் திறக்க வேண்டும், பக்கப் பலகை தாழ்வாக இருக்க வேண்டும். எண்பது வயதுப் பாட்டி எக்கிப் பார்க்கும்படி பெட்டி உயரத்தில் இருந்தால் எத்தனை விலை கொடுத்தும் பயனில்லை.

நீராட்டிய ஈரத்தை உறிஞ்சுவதில் பருத்தி விரிப்பு பாலியெஸ்டரைவிட மேல். பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடித்துச் சுற்றி வரும்போது எந்த விரிப்பானாலும் கவனம் தேவை. துணியில் ஒரு பொறி விழுந்தால் பற்றிக்கொள்ளலாம்.

வீட்டுக்குள் கொண்டு சென்று சடங்கு செய்ய விரும்புவோருக்கு இன்னொரு கேள்வி உண்டு. இரண்டு மீட்டர் நீளப் பெட்டி எல்லா வீவக மின்தூக்கியிலும் கிடைமட்டமாக நுழையாது. நல்லுடலைத் தூக்குப்படுக்கையில் வீட்டுக்கு ஏற்றி இறக்கிக் கீழ்த்தளத்தில் பெட்டியில் வைக்கலாமா என்று முதலிலேயே பேசிக்கொள்வது நல்லது. கீழ்த்தளத்தைப் பயன்படுத்த நகர மன்றத்தின் அனுமதியும் தேவை.

பெட்டி திறந்திருப்பது நமக்கு எவ்வளவு முக்கியம் என்பதைக் கொவிட்-19 காலம் காட்டியது. தொற்றால் இறந்தோரின் நல்லுடல் உறைகளில் இடப்பட்டு, பெட்டி மூடி முத்திரையிடப்பட்டது. வாய்க்கரிசி இல்லை, கோடி இல்லை. அந்தக் குடும்பங்களின் மனக்குறையில் பெட்டியின் மரம் என்ன என்பதற்கு இடமே இல்லை.

கடல் கடக்கும் பெட்டி

லிட்டில் இந்தியாவில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் கூடும் ஊழியர்களில் ஒருவர் இங்கு இறந்தால் கதை வேறு. விமானத்தில் செல்லும் பெட்டிக்கு உறுதி உண்மையிலேயே தேவை. உட்புறம் துத்தநாகத் தகடு வைத்துக் காற்றுப் புகாமல் அடைக்க வேண்டும். நல்லுடல் பதப்படுத்தப்பட வேண்டும். பதப்படுத்தியதற்கும் பெட்டியை முத்திரையிட்டதற்கும் சான்றிதழ்கள், தேசிய சுற்றுப்புற வாரியத்தின் ஏற்றுமதி அனுமதி, இந்தியத் தூதரகத்தின் தடையில்லாச் சான்று என ஆவணங்கள் பல.

வேலை அனுமதிச் சீட்டு விதிமுறைகளின்படி, ஊழியர் இறந்தால் அடக்கம் அல்லது தகனம், இல்லையேல் நல்லுடலைத் தாயகம் அனுப்புவது ஆகியவற்றின் செலவு முதலாளியைச் சேரும். அறை நண்பர்கள் உண்டியல் குலுக்கும் முன் இந்த விதியை நினைவில் கொள்ள வேண்டும். திரட்டும் பணம் ஊரிலுள்ள மனைவி மக்களுக்குப் போய்ச் சேரட்டும்.

கணக்கு கேட்பது அவமரியாதையா?

மண்டாயில் பெரியவர் ஒருவரின் தகனக் கட்டணம் 100 வெள்ளி, பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு 50 வெள்ளி. 2021ல் சுவா சூ காங்கில் திறக்கப்பட்ட அமைதிப் பூங்காவில் சாம்பலைத் தூவ 320 வெள்ளி. அரசாங்கக் கட்டணங்கள் பொதுவில் தெரிபவை. குடும்பத்துக்கு வரும் பெரிய தொகை பெட்டி, வண்டி, பந்தல், பூ, பண்டாரம் அனைத்தும் சேர்ந்த ‘பேக்கேஜ்’ விலையிலிருந்து வருகிறது. அதற்குள் பெட்டி எவ்வளவு என்பது பல நேரங்களில் தனியாகத் தெரிவதில்லை. ‘இதைவிட நல்ல பெட்டி’ என்று மாற்றும்போதுதான் கூடுதல் தொகை முளைக்கிறது.

சேவை நிறுவனங்களின் சிரமமும் உண்மையே. நள்ளிரவிலும் வருகிறார்கள், பிறர் தொடத் தயங்கும் வேலையைச் செய்கிறார்கள். அந்த உழைப்புக்கு உரிய கூலி தரப்பட வேண்டும். அதனால்தான் உழைப்புக்கு இவ்வளவு, பலகைக்கு இவ்வளவு என்று பிரித்துத் தருவது இரு தரப்புக்கும் நல்லது.

கேட்க வேண்டியவை சில: பெட்டி எந்தப் பலகையால் ஆனது? மூடி முழுதும் திறக்குமா? உள்விரிப்பு பருத்தியா? பேக்கேஜில் உள்ள பெட்டிக்கே நின்றால் மொத்தம் எவ்வளவு? எழுத்தில் தருவீர்களா?

2022 மே 29 முதல், மருத்துவர் இறப்பை உறுதிசெய்ததும் பதிவு தானாகவே நடக்கிறது. சான்றிதழும் மின்னிலக்க வடிவில் வருகிறது. அலைச்சலில் மிச்சமாகும் அந்நேரத்தில் குடும்பத்தில் நிதானமுள்ள ஒருவர் இந்தக் கேள்விகளைக் கேட்கலாம்.

அதைவிட நல்லது, முன்கூட்டியே பேசிவைப்பது. 2010ல் லியன் அறநிறுவனத்தின் ஆதரவில் ‘மகிழ்ச்சியான பெட்டிகள்’ என்ற திட்டத்தில் முதியோர் இல்லவாசிகள் மூவருக்கு அவர்கள் வாழ்க்கையைச் சொல்லும் பெட்டிகள் வடிவமைக்கப்பட்டன. அவர்கள் உயிரோடு இருந்து, விருப்பத்தைத் தாங்களே சொன்னார்கள். நம் வீட்டில் இந்தப் பேச்சை எடுத்தால் “அபசகுனமா பேசாதே” என்று வாயை அடைப்பார்கள். ஆனால் கவனித்துக் கேட்டால், “எனக்கு ஆடம்பரமா எதுவும் செய்யாதீங்க” என்று பாட்டிமார் பலமுறை சொல்லியிருப்பார்கள். அதைக் காதில் வாங்கி, எழுதி வைத்திருந்தால் போதும். பெட்டிப் படங்கள் நீட்டப்படும் அந்த வேளையில், முடிவைப் பாட்டியே எடுத்து வைத்திருப்பார்.