வந்தவரும் நம்மவரும்

கம்பம் பள்ளத்தாக்கில் தை பிறந்தால் ஓர் ஆங்கிலேயரின் பெயரைச் சொல்லியும் பொங்கல் வைக்கிறார்கள். மேற்கே ஓடிய பெரியாற்று நீரைக் கிழக்கே திருப்பும் அணையை 1895-ல் கட்டி முடித்த கர்னல் பென்னிகுயிக்கைத்தான் சொல்லுகிறோம். தம் பிள்ளைகளுக்கு அவர் பெயரைச் சூட்டிய குடியானவர்களும் அங்கே உண்டு. அன்னிய ஆட்சியை வேண்டாமென்று தள்ளிய ஜனங்கள், அந்த ஆட்சியின் உத்தியோகஸ்தர் ஒருவரைத் தங்களவராக வைத்துக் கொண்டார்கள். வந்தவரை 'நம்மவர்' என்று சொல்லும் உரிமை ஊராருக்கே உரியது. எந்தப் பதவியும் அதை வாங்கித் தராது.

இந்த உரைகல்லில் இப்போது ஒரு தமிழரையே உரைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டில் பிறந்து, அமலமரி தியாகிகள் சபையில் குருவாகி, கனடா தேசத்தில் குடியேறிய சூசை ஜேசு அவர்களை, 2025 ஜனவரியில் போப் பிரான்சிஸ் கீவாட்டின்-லெ பா அதிமேற்றிராணியாராக நியமித்தார். வட அமெரிக்காவின் குளிர் மிகுந்த வடபாகம் அது. பழங்குடி மக்கள் வாழும் பூமி. அன்று இத்தாலியிலிருந்து வீரமாமுனிவர் இங்கே வந்தார். இன்று இங்கிருந்து ஒருவர் அங்கே போயிருக்கிறார். நேயர்களுக்குப் பெருமையாகத்தான் இருக்கும்.

ஆனால் அவர் போயிருப்பது காயம்பட்ட வீட்டுக்கு. கனடா சர்க்கார் ஏற்படுத்திக் கிறிஸ்தவ சபைகள் நடத்திய விடுதிப் பள்ளிகளில் ஏறக்குறைய 1,50,000 பழங்குடிக் குழந்தைகள் சேர்க்கப்பட்டார்கள். பெற்றோரிடமிருந்து பலவந்தமாகப் பிரிக்கப்பட்டவர்கள் அநேகர். தாய்மொழி பேசியதற்காகத் தண்டனை பெற்றவர்களும் அநேகர். அந்தப் பள்ளிகளில் பலவற்றை நடத்தியது சூசை ஜேசு சேர்ந்திருக்கும் அதே சபைதான்.

அப்படிப்பட்ட மக்களிடம் எந்த முகத்தோடு போவது? வடபகுதிக் கிராமங்களில் ஊழியம் செய்த இவர், அவர்களுடைய கிரீ மொழியைக் கற்றார். பள்ளியில் ஒடுக்கப்பட்ட மொழியை ஒரு பாதிரியாரே மாணாக்கராக உட்கார்ந்து பயில்வது சிறிய விஷயமன்று. பிறகு எட்மண்டன் நகரில் பழங்குடி மக்களுக்கென்றே உள்ள திரு இருதய ஆலயத்தில் பங்குக் குருவாக இருந்தார். 2022 ஜூலை 25-ந் தேதி மாஸ்குவாசிஸ் என்னும் இடத்தில் பழங்குடி மக்களிடம் மன்னிப்புக் கேட்ட போப், அன்றைய தினமே இந்த ஆலயத்துக்கும் வந்தார்.

மன்னிப்பை ஒரே நாளில் கேட்டுவிடலாம். அதை மெய்ப்பிக்க ஓர் ஆயுட்காலம் வேண்டும். அந்தப் பொறுப்பின் ஒரு பங்கு இப்போது ஒரு தமிழர் தோளில் ஏறியிருக்கிறது. அவருக்கு நம் வாழ்த்துக்கள். அதிமேற்றிராணியார் பட்டத்தை ரோமாபுரி கொடுத்துவிட்டது. 'நம்மவர்' என்ற பட்டத்தைக் கிரீ மக்கள்தான் கொடுக்க வேண்டும்.