செத்தது செட்டா, ஒயரா?



"செட்டு போயிடுச்சு, புதுசு மாட்டிடலாம்!" பழைய பிக்கப் வண்டியில் ரேடியோ பேசாமல் போனால், டாஷ்போர்டைக் கழற்றுவதற்கு முன்பே பல இடங்களில் வந்துவிடும் தீர்ப்பு இது. டிப்ளமோ முடித்து நாளைக்கு அந்த இடத்தில் நிற்கப் போவது நாம்தான். நாமும் இதையேதான் சொல்லப் போகிறோமா?

ரேடியோதானே, அதான் கையில போன் இருக்கேன்னு சிலர் சிரிக்கலாம். ஒட்டன்சத்திரத்தில் காய்கறி ஏற்றிக்கொண்டு ராத்திரியில் கேரளா பக்கம் போகிற டிரைவரைக் கேட்டுப் பாருங்கள். போனில் இருக்கிற சார்ஜ், லோடு இறக்கும் இடத்துக்குப் பேச வேண்டும். வழியெல்லாம் அவருக்குப் பேச்சுத்துணை அந்தப் பெட்டிதான். புது செட்டுக்கான காசு அவருடைய வாடகையிலிருந்து போகிறது. கோளாறு ஒயரில் என்றால், அந்தப் புது செட்டும் வாயைத் திறக்காது!

செட்டு உயிரோடு இருக்க மூன்று ஒயர் வேண்டும். வெளியில் வாங்கி மாட்டுகிற செட்டுகளில் பெரும்பாலும் மஞ்சளில் எப்போதும் பேட்டரி கரண்ட், சிவப்பில் சாவி திருப்பினால் கரண்ட், கறுப்பு எர்த்து. ஆனால் நாலு பேர் கைவைத்த பழைய வண்டியில் நிறத்தை நம்பாதீர்கள். கிடைத்த ஒயரை முறுக்கி, டேப் சுற்றி விட்டிருப்பார்கள்.

ஃப்யூஸைக் கண்ணால் பார்த்து 'நல்லா இருக்கு' என்பதும் போதாது. கம்பி முழுசாக இருக்கும், அது உட்காரும் கிளிப்பில் பச்சை பூத்திருக்கும்.

இனிமேல்தான் விஷயமே. மீட்டர் வைத்தால் 12 வோல்ட் காட்டுகிறது. உடனே 'சப்ளை இருக்கு, செட்டுதான் அவுட்' என்கிறோம். நம் டிஜிட்டல் மீட்டரின் உள்தடை பொதுவாக 10 மெகா ஓம். வழியில் ஒரு ஜாயின்ட் துருப்பிடித்து 100 ஓம் தடை ஆகிவிட்டது என்று வையுங்கள். மீட்டரில் ஒரு மில்லிவோல்ட்கூடக் குறையாது. அதே இடத்தில் 5 வாட் பார்க்கிங் பல்பை வைத்தால்? அதற்கு 0.4 ஆம்பியருக்கு மேல் வேண்டும். 100 ஓம் வழியாக 0.12 ஆம்பியர்தான் வர முடியும். பல்பு எரியாது, குட்டு வெளிப்பட்டுவிடும். முதல் வருடம் படித்த ஓம் விதிதாங்க இது!

பல்பில் இரண்டு ஒயர் வைத்து பத்தவைத்தால் டெஸ்ட் லேம்ப் ரெடி. செட்டின் பிளக்கில் மஞ்சளுக்கும் கறுப்புக்கும் நடுவே வைத்துப் பாருங்கள். மங்கினால் கறுப்பு முனையை மட்டும் எடுத்து, பெயின்ட் சுரண்டிய பாடி இரும்பில் வையுங்கள். பளிச்சென்று எரிந்தால் எர்த்து ஒயர்தான் குற்றவாளி. அப்போதும் மங்கலா? மஞ்சள் வரும் வழியைப் பின்தொடருங்கள். பிறகு சாவியைத் திருப்பிச் சிவப்பையும் இப்படியே பார்க்க வேண்டும். (கம்ப்யூட்டர், ஏர்பேக் வைத்த புது வண்டிகளில் தெரியாத ஒயரில் இந்த பல்பை வைத்து வம்பில் மாட்டாதீர்கள்!)

டிஸ்பிளே எரிந்தும் சத்தம் மட்டும் வராவிட்டால் அது வேறு கதை. பழைய வண்டிகள் சிலவற்றில் ஸ்பீக்கரின் ஒரு முனை பாடியோடு சேர்ந்திருக்கும். இப்போதைய செட்டுகளில் பெரும்பாலும் ஸ்பீக்கரின் இரண்டு ஒயருமே எர்த்தைத் தொடக் கூடாது. தொட்டால் ஆம்ப்ளிஃபயர் தன்னைக் காத்துக்கொள்ள வாயை மூடிக்கொள்ளும்.

இவ்வளவும் பாடத்தில் இல்லாததா? இருக்கிறது. ஆனால் பிராக்டிகலில் நாம் சர்க்யூட் போடுகிறோம், ரீடிங் எடுக்கிறோம், ரெக்கார்டில் கையெழுத்து வாங்குகிறோம். கெட்டுப்போன சர்க்யூட் ஒன்றை யாராவது நம் கையில் கொடுத்தது உண்டா? மாணவர் மன்றம் இந்த வருடம் கேட்க வேண்டியது இதைத்தான்: பெஞ்சுக்கு ஒரு செத்த போர்டு. பழைய ஃப்யூஸ் பாக்ஸ், கொஞ்சம் ஒயர், ஒரு ரேடியோ செட்டு, எல்லாம் காயலான் கடையில் எடைக்குக் கிடைக்கும். எந்த ஜாயின்ட்டைக் கெடுப்பது என்று லேப் அண்ணன் முடிவு செய்யட்டும். நமக்கு மட்டும் சொல்லிவிடக் கூடாது!