வீட்டிலிருந்தே வக்கீல் ஆபீஸ் வேலை: முதல் நாளிலேயே செய்ய வேண்டியது என்ன?

இ-ஃபைலிங் வந்த பிறகு மனு டைப் செய்வது, ஆவணங்களை ஸ்கேன் செய்து வரிசைப்படுத்துவது, வாய்தா தேதி குறிப்பது எல்லாவற்றையும் வீட்டிலிருந்தே செய்துவிடலாம். சிறிய வக்கீல் அலுவலகங்களுக்கு இது வசதிதான். ஆனால், ஒருவரின் விவாகரத்து மனுவும் வங்கிக் கணக்கும் இன்னொருவர் வீட்டு லேப்டாப்பில் கிடக்கும். அதற்கு யார் பொறுப்பு?

சட்டம் என்ன சொல்கிறது?

2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 132-வது பிரிவுப்படி, கட்சிக்காரர் வழக்கறிஞரிடம் தொழில்முறையில் சொன்னதை அவர் சம்மதம் இல்லாமல் வெளியிடக் கூடாது. சட்டவிரோத நோக்கத்துக்காகச் சொன்னதற்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. வழக்கறிஞரின் குமாஸ்தா, ஊழியர்களுக்கும் இதே விதிதான்.

சிக்கல் எங்கே?

மணிக்கணக்கில் பணம் வாங்கும் ஃப்ரீலான்சர் ‘ஊழியர்’ ஆவாரா என்ற கேள்வி எழலாம். அதனால்தான் எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் முக்கியம்.

முதல் நாளில் கவனிக்க வேண்டியவை

* எதிர்த்தரப்பு வக்கீலுக்கும் இவரே வேலை பார்க்கிறாரா என்று முதலில் கேட்க வேண்டும்.
* ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்தான பிறகே ஃபைலைக் காட்ட வேண்டும்.
* தனி மெயில் ஐடி, தனி பாஸ்வேர்டு. வக்கீலின் பாஸ்வேர்டைப் பகிரவே கூடாது.
* அவர் பார்க்கும் வழக்கின் ஃபைல் மட்டும் போதும். சொந்த வாட்ஸ்அப்பில் ஆவணம் வேண்டாம்.
* வேலையை விட்டு நின்றால், அன்றே எல்லா லாகினையும் முடக்க வேண்டும்.

‘தெரிந்த பையன்தானே’ என்று இதையெல்லாம் விட்டுவிட்டால், நாளை ஆவணம் கசியும்போது கட்சிக்காரர் வந்து நிற்பது அந்தப் பையன் வீட்டில் அல்ல, வக்கீல் வாசலில்தான்.