கடற்காகத்துக்கு மிக்சர் எதற்கு?

கடலோரம் பறக்கும் அந்த வெள்ளைப் பறவையைக் கடற்புறா என்று சொல்பவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. சாண்டில்யனைத் தொடர்கதையாகப் படித்த நம் தலைமுறைக்கு அந்தப் பெயர் இனிக்கத்தான் செய்யும். ஆனால் புறா தானியம் பொறுக்குகிற பறவை. இது செய்வது காக்கையின் வேலை. கடற்காகம் என்பதே சரி.

பிரெஞ்சுப் பள்ளியில் எங்களுக்கு இரண்டு சொற்கள் கற்பித்தார்கள். சிறியது மூவெத், பெரியது கொஎலான். நம் புதுச்சேரிப் பக்கம் குளிர்காலத்தில் வருவது மூவெத் வகை, பழுப்புத்தலைக் கடற்காகம். ஏறக்குறைய காக்கையின் அளவு. வெள்ளை உடம்பு, சாம்பல் நிற முதுகு, கறுத்த இறக்கை நுனி, சிவந்த கால், சிவந்த அலகு. பெயர்தான் பழுப்புத்தலை. இங்கே இருக்கும் மாதங்களில் தலையும் வெள்ளைதான். கண்ணுக்குப் பின்னால் திருஷ்டிப்பொட்டு வைத்தாற்போல ஒரு கருமை மட்டும் இருக்கும்.

தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் படகுகள் மீன் இறக்கும்போது பாருங்கள். வலையிலிருந்து உதறும் கழிசல் மீன், குடல், செதில் எல்லாம் இதற்கு விருந்து. ஆலாவைப் போலத் தலைகீழாக நீரில் பாயத் தெரியாது. மேலே மிதப்பதைத் தாழப் பறந்து கொத்தும். சமயம் பார்த்து ஆலாவின் வாயிலிருந்தே பிடுங்கிக்கொள்ளும். கூச்சமே கிடையாது. சம்பளம் வாங்காமல் கரையைச் சுத்தம் செய்கிற ஊழியர் வேறு யார் இருக்கிறார்கள்?

இப்படித் தானே உழைத்துத் தின்கிற பறவைக்குப் படகுச் சவாரிக்காரர்கள் மிக்சரும் சிப்ஸும் வீசுகிறார்கள். டெல்லி யமுனைக் கரையிலும் பிரயாகையிலும் பல காலமாக நடக்கிற பழக்கம். கைப்பேசியில் படம் அழகாக விழுகிறது, சரி. ஆனால் உப்பும் எண்ணெயும் மாவும் மீனுக்கு ஈடாகுமா? லடாக், திபெத் பக்கத்து ஏரிகளில் முட்டையிடும் பறவை இது. லடாக்கின் சோ மொரிரி ஏரி 4500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அவ்வளவு தூரம் திரும்பப் பறக்க வேண்டியதற்கு நாம் கட்டிக்கொடுக்கும் சோறு மிக்சரா?

பிரான்சில் உள்ள உறவினர்களைக் கேட்டுப்பாருங்கள். அங்கே கடலோர ஊர்களில் கொஎலான் மனிதர் கையிலிருக்கும் தீனியையே பறித்துக்கொண்டு போகும், கூரைமேல் கூடு கட்டும். தீனி போடக்கூடாது என்று பலகை வைத்திருக்கிறார்கள். பழக்கிவிட்ட பிறகு பலகை வைத்து என்ன பயன்? இங்கே இன்னும் அந்த நிலை வரவில்லை. வராமல் தடுக்க ஒரு சட்டமும் வேண்டாம். படகு ஏறும் இடத்தில் டிக்கெட் கிழிப்பவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

பேரப்பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டுமானால் மார்ச் மாதம் காலையில் துறைமுகப் பக்கம் அழைத்துப் போங்கள். ஊர் திரும்பும் நேரம் நெருங்குவதால் சிலவற்றுக்குத் தலை காப்பிப்பொடி நிறத்துக்கு மாறியிருக்கும். ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கும்போது பெரும்பாலானவை கிளம்பிவிட்டிருக்கும்.