தோத்தா வராத பிரச்சினை

'ரெண்டு பள்ளிக்கூடத்துக்கும் மேட்ச் வேணாம் சார். எதுக்கு வம்பு? இதுல ஜெயிச்சு என்னத்தக் காணப் போறோம்?'

தென்மாவட்டங்களில் பள்ளி விளையாட்டுப் போட்டிகள் தொடங்குகிற மாதங்களில் இந்தப் பேச்சைக் கேட்கலாம். தலைமையாசிரியர் சொல்வார். ஊர்ப் பெரிய மனுசர் சொல்வார். ஸ்டேஷனிலிருந்து வந்த ஏட்டையா சொல்வார். எல்லாரும் நல்லவர்கள்தான், எல்லாருக்கும் அமைதிதான் வேண்டும். ஊருக்குள் இருக்கிற உயர்நிலைப் பள்ளியும், கூப்பிடு தூரத்தில் காலனியை ஒட்டி இருக்கிற ஆதிதிராவிடர் நல உயர்நிலைப் பள்ளியும் கால்பந்தில் மோதக் கூடாது. கபடியில் மோதவே கூடாது. இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் முன்னெச்சரிக்கை.

இந்த முன்னெச்சரிக்கையைக் கொஞ்சம் தோலுரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் ஒரு சாதாரண விசயம். பள்ளி விளையாட்டு எப்படி நடக்கிறது? முதலில் குறுவட்டம். அதில் ஜெயித்தவன் மாவட்டத்துக்குப் போவான். மாவட்டத்தில் ஜெயித்தவன் மாநிலத்துக்குப் போவான். குறுவட்டம் என்றால் என்ன? பக்கத்துப் பக்கத்துப் பள்ளிக்கூடங்கள். அதாவது பக்கத்து ஊர்க்காரனோடு ஆடாமல் எந்தப் பையனும் எங்கேயும் போக முடியாது. 'பக்கத்து ஊரோட மட்டும் வேணாம்பா' என்று தோளில் கை போட்டுச் சொல்கிறவர், ஏணியின் முதல் படியைத்தான் உருவிக்கொண்டு போகிறார். மாவட்டச் சான்றிதழ் இல்லை, மாநிலச் சான்றிதழ் இல்லை. கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீடு இல்லை. அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு என்று வைத்திருக்கிற 3 விழுக்காடும் இல்லை.

ஆட்டம் நின்றால் ரெண்டு பள்ளிக்கும்தானே நட்டம் என்பார்கள். கணக்கு அப்படி இல்லை. ஊர்ப் பையனுக்கு ஆட்டம் போனால் ஒரு சாயங்காலம் போகும். அவனுக்கு வயல் இருக்கிறது, அப்பனுக்குக் கடை இருக்கிறது, மாமனுக்குக் கட்சியில் ஆள் இருக்கிறது. நம்ம பையனுக்கு ரெண்டு கால் இருக்கிறது. அந்தக் காலை வைத்து ஓடி, உதைத்து, வெளியே போகிற ஒரே வழியையும் அமைதியின் பேரால் அடைத்துவிட்டு, 'ரெண்டு பேருக்கும் சமமாத்தான் செஞ்சோம்' என்றால், இந்தச் சமத்துவத்தை நாம் எங்கே போய்ச் சொல்லுவது?

அடுத்தது, பிரச்சினை எப்போது வருகிறது? நம்ம பிள்ளைகள் நாலு கோல் வாங்கித் தோற்றுப் போனால் ஏதாவது பிரச்சினை உண்டா? கிடையாது. 'பரவாயில்லடா, நல்லா ஆடுனீங்க' என்று தட்டிக் கொடுப்பார்கள். விளையாட்டு அன்றைக்கு ரொம்ப நல்ல விளையாட்டு. நம்மவன் ஒரு கோல் கூடுதலாகப் போட்டுவிட்டால்தான் விலக்கில் சைக்கிளை மறிக்கிறார்கள், பஸ்ஸிலிருந்து இறக்குகிறார்கள். 2025 மார்ச்சில் ஸ்ரீவைகுண்டம் பக்கம் என்ன நடந்தது? தேர்வு எழுத பஸ்ஸில் போன பதினோராம் வகுப்பு தலித் மாணவனை வழிமறித்து வெட்டினார்கள். கைவிரல்கள் துண்டாயின. கபடியில் ஜெயித்ததுதான் காரணம் என்று அவன் குடும்பத்தார் சொன்னார்கள். அவன் தோற்றிருந்தால் விரல்கள் இருந்திருக்கும் என்பதுதான் அந்தத் தகப்பன் சொன்னதன் பொருள். ஆக, அவர்களுக்கு ஆட்டம் பிரச்சினை இல்லை, நாம் ஜெயிப்பதுதான் பிரச்சினை. ஆட்டத்தை நிறுத்துகிற அதிகாரி, ஜெயிக்க வாய்ப்பிருந்தவனை நிறுத்துகிறார். வெட்டுகிறவன் அரிவாளால் செய்ய நினைத்ததை இவர் சுற்றறிக்கையால் செய்து முடிக்கிறார்.

'விளையாட்டாலதான் சண்டை வருது' என்பதும் பொய். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவன் ஒருவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டினார்களே, அங்கே எந்த மேட்ச் நடந்தது? வெட்டியவர்களும் வெட்டுப்பட்டவனும் ஒரே பள்ளிக்கூடம். மோதலைத் தவிர்க்க ஆட்டத்தை நிறுத்த வேண்டும் என்றால், அதே நியாயப்படி வகுப்பறையையும் நிறுத்த வேண்டும், பஸ்ஸையும் நிறுத்த வேண்டும். கடைசியில் நாம் பிறப்பதையே நிறுத்தினால் ஊர் ரொம்ப அமைதியாக இருக்கும்.

சாதிக்கு இந்த விளையாட்டுகள் மேல் ஏன் இவ்வளவு பயம்? யோசித்துப் பாருங்கள். கபடியில் தொடுவதுதான் ஆட்டமே. தொட்டால்தான் அவுட். 'தொடாதே' என்று மூவாயிரம் வருசமாகச் சொல்லி வந்தவனை, ஏழு பேர் சேர்ந்து கட்டிப்பிடித்து அமுக்க வேண்டும். கால்பந்து இன்னும் மோசம். நம்ம காலில் பட்ட பந்தை அவன் தலையால் முட்ட வேண்டும். நெஞ்சில் வாங்க வேண்டும். தலையில் பிறந்தவன், தோளில் பிறந்தவன், காலில் பிறந்தவன், எங்கேயுமே பிறக்காத பஞ்சமன் என்று மனு போட்ட கணக்கையெல்லாம் தொண்ணூறு நிமிசம் ஒரு தோல் பந்து கலைத்துப் போடுகிறது. பந்துக்கு ஏது தீட்டு? தோலைத் தைத்தவன் யார் என்று யாரும் கேட்பதில்லை.

ஆனால் சாதி சும்மா இருக்குமா? பந்தைத் தடுக்க முடியாவிட்டால் பந்தாடுகிறவனைப் பிரிக்கும். பள்ளிகளில் சாதிக்கயிறு கட்டுவதைத் தடுக்கச் சொல்லி 2019இல் பள்ளிக்கல்வித் துறை ஒரு சுற்றறிக்கை விட்டது. விளையாட்டு அணிக்கு ஆள் பொறுக்குவதற்கும் இந்தக் கயிறுதான் பயன்படுகிறது என்று அந்தச் சுற்றறிக்கையே சொன்னது. எவன் நன்றாக உதைப்பான் என்று காலைப் பார்க்க வேண்டிய இடத்தில் மணிக்கட்டைப் பார்த்திருக்கிறார்கள். கூச்சல் கிளம்பியதும் அரசு அந்தச் சுற்றறிக்கையிலிருந்து பின்வாங்கியது. நாங்குநேரிக்குப் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கயிறு, மோதிரம், நெற்றிப்பொட்டு கூடாது, பள்ளிப் பெயர்களில் சாதி கூடாது என்றெல்லாம் பரிந்துரை செய்தது. அறிக்கை கொடுக்கிற அன்றைக்குப் போட்டோ எடுத்தார்கள். மைதானத்தில் நிற்கிற பையனுக்கு அதிலிருந்து என்ன வந்து சேர்ந்தது என்பதை அந்தந்த ஊர் தோழர்கள்தான் போய்ப் பார்த்து எழுத வேண்டும்.

இதே சமூகம்தான் தியேட்டரில் கைதட்டுகிறது. மணத்தி கணேசன் 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் கபடியில் தங்கம் வென்ற அணியில் ஆடினார். அர்ஜுனா விருது வாங்கினார். அவர் வாழ்க்கையை ஒட்டி 2025இல் மாரி செல்வராஜ் 'பைசன்' எடுத்தார். படம் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்த அதே வாத்தியார் மறுநாள் சொல்கிறார்: 'நம்ம குறுவட்டத்துல அந்த ஸ்கூலோட மட்டும் வேணாம்.' திரையில் ஓடுகிறவனுக்கு விசில், தெருவில் ஓடுகிறவனுக்குத் தடை!

சரி, நம்ம பக்கத்துப் பேச்சுக்கு வருவோம். 'எம்புள்ள ஜெயிக்கவும் வேணாம், தோக்கவும் வேணாம், கை கால் முழுசா வீட்டுக்கு வந்தாப் போதும்' என்று சொல்கிற தாயை நான் ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டேன். அவள் பயம் நேற்று முளைத்ததல்ல. 1995 கலவரத்தையும் கொடியங்குளத்தையும் பார்த்த தலைமுறை அது. ஆனால் அந்தப் பயத்தை எடுத்துக்கொண்டு வந்து, 'பாருங்க, அவங்களே வேணாங்கிறாங்க' என்று கோப்பில் எழுதுகிறானே, அவனை விடக்கூடாது. அவள் கேட்டது பாதுகாப்பு. பாதுகாப்பு கொடுக்க வேண்டியவன் அதற்குப் பதிலாக ஆட்டத்தை எடுத்துக்கொண்டு போனால், அவள் பயத்துக்கு அவள் பிள்ளையையே அபராதம் கட்ட வைக்கிறான் என்று அர்த்தம். அதிலும் பெண்பிள்ளைகள் ஆட்டம் என்றால் கேட்கவே வேண்டாம். பயத்தைக் காட்டி முதலில் நிறுத்துவது அதைத்தான்.

இன்னொரு பக்கம் நம்ம இளைஞர்கள் சிலர் சொல்கிறார்கள்: 'அவனோட எதுக்குத் தோழர் ஆடணும்? நாம அம்பேத்கர் கோப்பை நடத்துவோம். நமக்குள்ள ஆடுவோம்.' நடத்துங்கள், கட்டாயம் நடத்த வேண்டும். வியாசர்பாடியிலும், பெங்களூரு அல்சூர் பக்கம் நம்ம தமிழ்ச் சனங்கள் வாழ்கிற கௌதமபுரத்திலும் கால்பந்து வளர்ந்தது எவன் தயவிலும் அல்ல. கௌதமபுரத்தில் பீலேக்குச் சிலையே வைத்திருக்கிறார்கள். ஆனால் தனியாக ஆடுவதோடு நின்றால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்கக் கறுப்பர்களின் கதை இருக்கிறது.

டெக்சாசில் பள்ளி விளையாட்டுச் சங்கம் வெள்ளையர் பள்ளிகளுக்கு மட்டும்தான். கறுப்பர் பள்ளிகளுக்கு 1920இல் தனிச் சங்கம் உண்டானது. பிரெய்ரி வியூ என்கிற கறுப்பர் கல்லூரி அதை நடத்தியது. அவர்கள் புட்பால் நம்ம கால்பந்து இல்லை, கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிற முரட்டு ஆட்டம். ஒரே ஊரில் ரெண்டு உயர்நிலைப் பள்ளி, பல இடங்களில் ஒரே மைதானம். வெள்ளிக்கிழமை ராத்திரி வெள்ளையனுக்கு. புதன், வியாழன் கறுப்பனுக்கு. பக்கத்துத் தெருப் பள்ளிகள் ஒன்றோடொன்று மோதவே இல்லை. ஜோ கிரீன், பப்பா ஸ்மித் என்று பெரும்பெரும் வீரர்கள் அந்தத் தனிச் சங்கத்திலிருந்து வந்தார்கள். ஆனால் 'நீதான் மாநிலச் சாம்பியன்' என்று யாரும் அவர்களைச் சொல்லவில்லை. 'கறுப்பர்களில் சாம்பியன்' என்றார்கள். தனியாக ஆடினால் கிடைக்கிற பட்டம் அதுதான். மோதாதவரை, எதிரி தோற்காமலே உயர்ந்தவனாக இருந்துகொள்ளலாம்.

அந்தக் கதைக்கு இன்னொரு பாதியும் உண்டு. அறுபதுகளின் பிற்பகுதியில் சங்கங்கள் இணைந்தன. 1970இல் கறுப்பர் சங்கம் முடிந்தது. கூடவே பல கறுப்பர் பள்ளிகளை மூடினார்கள். தலைமைப் பயிற்சியாளராக இருந்த கறுப்பர்கள் வெள்ளையருக்குக் கீழே துணைப் பயிற்சியாளர் ஆனார்கள். சேருவது என்றால் யார் சொன்ன நிபந்தனையில் சேருவது என்பதை இது சொல்லித் தருகிறது. ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளைப் பொதுத் துறையோடு இணைப்பது பற்றி நம்மிடையே நடக்கிற வாதமும் இதுதான். நம்ம பள்ளி நிலமும் நம்ம வாத்தியார் வேலையும் போய்விட்டு, மிச்சமாக ஒரு மேட்ச் கிடைப்பதில் எனக்குச் சம்மதம் இல்லை.

அப்புறம் 'விளையாட்டு எல்லாரையும் ஒன்று சேர்க்கும்' என்று மேடையில் உபதேசம் செய்கிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களுக்குப் பல்வங்கர் பாலுவை ஞாபகப்படுத்த வேண்டும். சாமார் சாதியில் பிறந்த பந்து வீச்சாளர். புனேயில் வெள்ளைக்காரனை ஜெயிக்க இந்து அணிக்கு அவர் கை தேவைப்பட்டது, சேர்த்துக்கொண்டார்கள். மைதானத்தில் அவர் தொட்ட பந்தைத் தொட்டார்கள். இடைவேளையில் அவருக்கு மட்டும் வெளியே மண் குவளையில் தேநீர். 1911இல் இங்கிலாந்து போன அகில இந்திய அணியில் நூற்றுக்கு மேல் விக்கெட் எடுத்தார். ஆனாலும் இந்து அணிக்குத் தலைமை தரவில்லை. சகோதரர்கள் சேர்ந்து எதிர்த்து நின்ற பிறகு, 1923இல் தம்பி விட்டல்தான் கேப்டன் ஆக முடிந்தது. ஆக, சேர்ந்து ஆடியதால் சாதி ஓடிவிடவில்லை. கூடி உண்பதால் மட்டும் சாதி சாகாது என்று அண்ணல் 1936இலேயே எழுதிவிட்டார். கூடி ஆடுவதற்கும் அதே விதிதான்.

பிறகு ஏன் ஆட வேண்டும்? சாதி ஒழியும் என்பதற்காக அல்ல. அது நம்ம உரிமை என்பதற்காக. பொதுக்குளத்தில் தண்ணீர் குடித்தால் சாதி செத்துவிடும் என்று நினைத்தா மகாடுக்குப் போனார்கள்? குளம் பொது, குடிப்போம் என்று போனார்கள். மைதானமும் பொது.

எனவே கேட்க வேண்டியதைத் தெளிவாகக் கேட்போம். ஆட்டம் கோயில் திடலிலோ, ஊர்த் திடலிலோ வேண்டாம். அரசு மைதானத்தில் நடக்கட்டும். நடுவர் வேறு ஒன்றியத்திலிருந்து வரட்டும். கயிறும் சாதிக் கலர் பனியனும் கோட்டுக்கு வெளியே கழற்றப்படட்டும். ரெண்டு அணிக்கும் ஒரே குடத்தில் தண்ணீர், ஒரே பந்தியில் சாப்பாடு. பிள்ளைகள் வீடு சேருகிறவரை வண்டியும் பாதுகாப்பும் அரசின் பொறுப்பு, மறுநாள் பஸ்ஸிலும்தான். மைதானமும் உடற்கல்வி ஆசிரியரும் இல்லாத நலப் பள்ளிகளுக்கு முதலில் அவற்றைக் கொடுக்கட்டும். வெறுங்காலோடு விட்டுவிட்டுப் போட்டி என்று சொல்லக் கூடாது.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று. 'அவனுங்களோட ஆட மாட்டோம்' என்று ஒரு பள்ளி வராமல் இருந்தால் அதற்கு விதி ஏற்கெனவே இருக்கிறது. வாக் ஓவர். வராதவன் தோற்றவன், வந்து நின்றவன் அடுத்த சுற்றுக்குப் போகிறான். அடித்தவன் மீது 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. இந்த ரெண்டையும் விட்டுவிட்டு, ரெண்டு பேர் ஆட்டத்தையும் ரத்து செய்கிறவர் நடுநிலை வகிக்கவில்லை. வராதவனைத் தோல்வியிலிருந்து காப்பாற்றுகிறார்.

தோழர்களே, அடுத்த குறுவட்டப் போட்டி அட்டவணை வரும்போது உங்கள் ஊர்ப் பள்ளியில் போய் வாங்கிப் பாருங்கள். எந்தப் பள்ளிக்கும் எந்தப் பள்ளிக்கும் ஆட்டம் போடவில்லை என்று பாருங்கள். ஏன் போடவில்லை என்று எழுதிக் கேளுங்கள். எழுத்தில் பதில் வாங்குங்கள். 'பிரச்சினை வரும்' என்று வாயால் சொல்கிறவர்கள், யாரால் வரும் என்று கையெழுத்துப் போட்டுச் சொல்லட்டும்.