சிறை மீண்டோரை எந்த அளவையால் அளப்பது?

சிறைக்குப் போய் வந்தவன் மீண்டும் சிறைக்கே போவான் என்ற எண்ணம் எமது கிராமங்களில் ஆழ வேரூன்றியுள்ளது. இதற்கு ஆதரவாக வெளிநாட்டுப் புள்ளிவிபரங்களும் எடுத்துச் சொல்லப்படுகின்றன. அமெரிக்காவில் நூற்றுக்கு 77 பேர் திரும்பவும் பிடிபடுகிறார்கள், நோர்வேயில் 20 பேர்தான். ஆகவே எல்லாம் பிறவிக் குணம் என்று சிலர் முடித்துவிடுகிறார்கள். இக்கூற்றைச் சற்று நிதானமாக ஆராய்வது நன்று.

நெல் அளந்து பழகிய எமக்கு அளவைகளின் சூட்சுமம் தெரியாததல்ல. சூடடித்த உடனே அளந்தால் ஒரு கணக்கு. தூற்றிப் பதர் நீக்கி அளந்தால் இன்னொரு கணக்கு. காயவிட்டு மூடை கட்டும்போது வேறொரு கணக்கு. ஒருவர் ஈர நெல்லையும் மற்றவர் காய்ந்த நெல்லையும் அளந்துவிட்டு, யாருடைய வயல் கூடுதலாக விளைந்தது என்று வாதிட்டால் நாம் சிரிப்போம். சிறை மீண்டோர் பற்றிய ஒப்பீடுகளிலும் இதுவே நடக்கிறது.

ஐக்கிய அமெரிக்காவின் 30 மாநிலங்களில் 2005ஆம் ஆண்டு விடுதலையானவர்களை அந்நாட்டு அரசு ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. ஒரு தடவையேனும் கைதானவர்கள் ஏறத்தாழ 77 வீதம். நீதிமன்றத்தில் குற்றவாளியாகக் காணப்பட்டவர்கள் 55 வீதம். உள்ளூர் மறியற்சாலைகளைத் தவிர்த்து, புதிய தண்டனையுடன் பெருஞ்சிறைக்கு அனுப்பப்பட்டவர்கள் 28 வீதம் மட்டுமே. ஆட்களும் அவர்களே, ஆண்டுகளும் அவையே. அளவைதான் வேறு.

நோர்வேயின் 20 வீதமோ, இரண்டே ஆண்டுகளுக்குள் மீண்டும் தண்டனை பெற்றவர்களை மட்டும் எண்ணியது. வெறுமனே கைதானவர்கள் அதில் இல்லை. வீதிப் போக்குவரத்துக் குற்றங்களுக்காகச் சில வாரங்கள் சிறையிருந்தோரும் அக்கணக்கில் பலர். அந்நாட்டு ஆய்வாளர் இருவர் தமது சொந்த நாட்டுத் தரவுகளையே பல விதமாக அளந்து பார்த்தபோது, 9 வீதம் முதல் 53 வீதம் வரை விடைகள் கிடைத்தன. பல நாடுகளின் கணக்குகளைத் திரட்டி 2015இல் வெளிவந்த ஆய்வொன்றும், இவ்வீதங்கள் நாட்டுக்கு நாடு ஒப்பிடத் தகுந்தவையல்ல என்றே முடிவு கூறியது.

அப்படியானால் எண்களால் பயனில்லையா? உண்டு. ஒரே நாடு, ஒரே அளவையால், ஆண்டுதோறும் அளந்து வரும்போது அவை பேசத் தொடங்குகின்றன. சிங்கப்பூரில் 1998இல் விடுதலையானவர்களில் 44 வீதமானோர் இரண்டு ஆண்டுகளுக்குள் மீண்டும் சிறைப்பட்டனர். பத்தே ஆண்டுகளில் இது 30 வீதத்துக்கும் கீழே இறங்கியது. அது பிரம்படியும் மரண தண்டனையும் உள்ள நாடு. தண்டனையில் இளகவில்லை, ஆனால் சிறையினுள் தொழிற்பயிற்சியும் வெளியே வேலைவாய்ப்பும் பெருக்கப்பட்டன. 2004இல் தொடங்கிய மஞ்சள் நாடா இயக்கம், முதற் சிறையின் திறப்பு அதிகாரிகளிடமும் இரண்டாம் சிறையின் திறப்பு அயலவரிடமும் இருப்பதாக மக்களுக்கு எடுத்துரைத்தது.

நோர்வேயிலும் 2020இல் வெளியான ஓர் ஆய்வு இதையொத்த உண்மையைக் காட்டியது. சிறையிலிருந்தபின் குற்றம் குறைந்தது, முன்னர் வேலையின்றித் திரிந்தவர்களிடத்திலேதான். அவர்கள் சிறையிலே பயிற்சி பெற்றார்கள். வெளியே வந்து தொழில் பெற்றார்கள். குணம் மாறுவதற்கு ஒரு வழி திறக்க வேண்டியிருந்தது.

இடம்பெயர்ந்து வாழும் எமக்கு இது விளங்காததல்ல. வந்த ஊரிலே குத்தகைக்குக் காணி கேட்டபோது, ஆளைப் பாராமல் "அகதி" என்ற பெயரை மட்டும் பார்த்தவர்களை எம்மிற் பலர் கண்டிருக்கிறோம். அதே அளவையால் நாம் இன்னொருவரை அளக்கலாமா?

பாதிக்கப்பட்டவரின் வேதனையை மறந்துவிடுங்கள் என்று நாம் சொல்லவில்லை. களவு கொடுத்தவனின் இழப்பும், அடிபட்டவனின் காயமும் உண்மையானவை. ஆயினும் சிறை மீண்டவன் வேலையின்றி அலைந்தால் அவர்களுக்கு எவ்வித ஆறுதலும் கிட்டாது. இன்னொரு வீடு ஆபத்துக்குள்ளாகும், அவ்வளவே.

எனவே எமது கிராம அபிவிருத்திச் சங்கங்கள் மூன்று காரியங்களைச் செய்யலாம். விதைப்பிலும் அறுவடையிலும் அவனுக்கு மற்றவர்களுக்குரிய அதே நாட்கூலி கொடுத்து வேலை தருதல். சிறுகடனுக்கு விண்ணப்பித்தால், பிணை நிற்க இருவரையாவது தேடிக் கொடுத்தல். அவன் சிறையிலிருக்கும்போதே மனைவி பிள்ளைகளைச் சென்று பார்த்தல். இறுதித் தீர்வை பற்றிப் போதித்த ஆண்டவர், சிறையிலிருப்பவனோடு தம்மை ஒன்றாக்கிக் கொண்டதை நாம் மறத்தலாகாது.

மீண்டும் விழுந்தவர்களை எண்ணுவதற்கு எல்லா நாடுகளிலும் பொலிசும் நீதிமன்றமும் உண்டு. எழுந்து நின்று, வயலுக்குப் போய், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புபவர்களை எண்ணுவதற்கு எவருமில்லை. அவர்களும் எம் ஊர்களில் இருக்கிறார்கள். அடுத்த சங்கக் கூட்டத்திலாவது அவர்களுக்கு ஒரு நாற்காலி போடுவோம்.